பத்தடிக் கரை, ஒரே லென்ஸ்: தண்ணீரைப் படம் எடுக்க ஒரு பயிற்சி

நிலக்காட்சி எடுக்கப் பழகுகிறவர் யார் வந்து கேட்டாலும் நான் தண்ணீரிடம்தான் அனுப்பிவைப்பேன். மலை நமக்காகக் காத்திருக்கும், தண்ணீர் காத்திருக்காது. அதற்கென்று சொந்த நிறமும் பெரிதாகக் கிடையாது. வானத்திடம் கொஞ்சம், கரையிடம் கொஞ்சம், அடியில் கிடக்கும் கல்லிடம் கொஞ்சம் என்று வாங்கித்தான் நிறம் காட்டுகிறது. நாம் நிற்கும் உயரம் மாறினால் ஒரு தண்ணீர், ஷட்டர் திறந்திருக்கும் நேரம் மாறினால் வேறொரு தண்ணீர். கையில் இருக்கும் கேமரா என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொடுக்கிற பொருள் வேறொன்று எனக்குத் தெரியாது.

அதற்காக நான் கொடுக்கும் பயிற்சி இது. ஏதாவது ஒரு நீர்நிலையைத் தேர்ந்தெடுங்கள். பெரிய அருவி வேண்டாம், பேர்பெற்ற கடற்கரையும் வேண்டாம். ஓடை, குளம், வாய்க்கால், மழைக்குப் பின் தேங்கிய குட்டை, எதுவானாலும் சரி. அதன் கரையில் பத்தடி நீளத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே லென்ஸ். ஜூம் லென்ஸ்தான் இருக்கிறது என்றால் 35-லோ 50 மில்லிமீட்டரிலோ வைத்து வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். இரண்டு மணி நேரம் அந்தப் பத்தடியை விட்டு நகரக் கூடாது. அதற்குள் எட்டுப் படங்கள். எட்டும் ஒரே இடத்துத் தண்ணீர் என்று சொன்னால் பார்க்கிறவர் நம்பத் தயங்க வேண்டும்.

இப்படிக் கட்டிப்போடுவதில் காரணம் இருக்கிறது. ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ 1980-இல் தொடங்கி உலகின் பல கடல்களை ஒரே அமைப்பில் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். நடுவில் அடிவானம், மேல்பாதி வானம், கீழ்பாதி கடல், அவ்வளவுதான். கப்பல் கிடையாது, கரை கிடையாது. அமைப்பு மாறாததால் மூடுபனியின் அடர்த்தியும் அலையின் நெளிவும் இரவின் கருமையும் படத்துக்குப் படம் தனியாகத் தெரிகின்றன. நாம் எதை மாற்றாமல் வைத்திருக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் மாறுவது கண்ணில் படும். அவர் அமைப்பை மாற்றாமல் வைத்தார். இந்தப் பயிற்சியில் இடத்தை மாற்றாமல் வைக்கிறோம்.

முதல் கால் மணி நேரம் கேமரா பையிலேயே இருக்கட்டும். உட்கார்ந்து பாருங்கள். இரண்டு கற்களுக்கு நடுவே ஒரு முழ அகலத்தில் ஓடும் நீரை எடுத்துக்கொள்வோம். கல்லின் முதுகில் ஏறும்போது தண்ணீர் மடிப்பே இல்லாமல் வழவழவென்று வழிகிறது; அதன் வழியே கல்லில் படிந்த பாசி பச்சையாகத் தெரிகிறது. விளிம்பைத் தாண்டியதும் கீழே இருக்கும் நீரில் மோதி மேல்நோக்கி மடங்குகிறது; அங்கே நுரை. நுரைக்கு ஒரு சாண் தள்ளி, கல்லின் மறைவில், தண்ணீர் எதிர்த்திசையில் சுற்றுகிறது. நாலைந்து குமிழிகளும் ஒரு காய்ந்த இலையும் அந்தச் சுழியை விட்டு வெளியே போகாமல் வட்டமடிக்கின்றன. அதற்கும் அப்பால் நீர் அடங்கி, வானம் தெரிகிறது. கையை நீட்டினால் எட்டும் தூரத்துக்குள் நான்கு விதமான தண்ணீர். நான்கையும் ஒரே ஃபிரேமில் திணித்தால் படம் குழம்பிப்போகும். தனித்தனியாக எடுத்தால் எட்டில் நான்கு கையில் வந்துவிடும்.

பிம்பமா, பரப்பா, அடியா?

தண்ணீரைப் பார்க்கும்போது ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று விஷயங்கள் தெரிகின்றன. அதில் விழும் பிம்பம், மேற்பரப்பின் அசைவு, அடியில் கிடக்கும் மணலும் கல்லும். இவற்றில் எதை எடுக்கப்போகிறோம் என்று ஷட்டரை அழுத்துவதற்கு முன் முடிவு செய்ய வேண்டும். "தண்ணீர் அழகாக இருந்தது, படத்தில் வரவில்லை" என்று என்னிடம் கொண்டுவரப்படும் படங்களில் பெரும்பாலானவை இந்த முடிவை எடுக்காதவை. பாதி வானம், பாதி கல், நடுவே ஒரு சிற்றலை. கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் படத்தை விட்டு வெளியேறிவிடுகிறது.

முடிவெடுத்த பிறகு அதைச் செய்துகொடுப்பது நாம் நிற்கும் உயரம். நேர் மேலிருந்து குனிந்து பார்த்தால் நீர்ப்பரப்பு தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 2 சதவீதத்தை மட்டுமே திருப்பி அனுப்புகிறது. மீதி உள்ளே போய்விடுவதால் அடி தெளிவாகத் தெரியும். பார்வை சாயச் சாயப் பிரதிபலிப்பு கூடுகிறது. நீர்ப்பரப்போடு 10 டிகிரி அளவுக்குத் தாழ்ந்து பார்த்தால் ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடும். இன்னும் தாழ்ந்தால் அடி மறைந்து வானம்தான் மிஞ்சும். அதனால் அடி வேண்டும் என்றால் எழுந்து நின்று கைகளை நீட்டி நேர் கீழே எடுங்கள். பிம்பம் வேண்டும் என்றால் கேமராவைத் தண்ணீருக்கு ஒரு விரற்கடை மேலே கொண்டுபோங்கள். ஒரு வாளித் தண்ணீர் அளவுக் குட்டையில் முழுக் கட்டடமோ முழு மரமோ நிறைந்து தெரிவது இப்படித் தாழ்ந்து எடுக்கும்போதுதான். திருப்பிப் பார்க்கும் திரை உள்ள கேமராவோ கைப்பேசியோ இருந்தால் மண்ணில் படுக்க வேண்டியதில்லை. கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தண்ணீருக்கு இன்னும் நெருக்கமாக வந்துவிடும்.

லென்ஸின் முன் மாட்டித் திருப்பினால் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தண்ணீருக்காக வாங்க வேண்டிய ஒரே ஃபில்டர் எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். கணினி மென்பொருளில் பின்னால் செய்துகொள்ள முடியாத வேலை அது. தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரு குறிப்பிட்ட கோணத்தில் முழுவதும் ஒரே தளத்தில் அதிரும் ஒளியாகிவிடுகிறது. அந்தக் கோணத்துக்கான விதியை ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் 1815-இல் வெளியிட்டார். தண்ணீருக்கு அது செங்குத்திலிருந்து சுமார் 53 டிகிரி, அதாவது நீர்ப்பரப்பிலிருந்து 37 டிகிரி. களத்தில் இதன் பொருள் எளிது: கேமரா ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், முன்னால் இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் தண்ணீரில்தான் போலரைசர் முழு வேலையையும் செய்யும். அங்கே ஃபில்டரைத் திருப்பினால் பளபளப்பு கரைந்து கூழாங்கற்கள் ஒவ்வொன்றாக எழும்பி வருவதைப் பார்க்கலாம். தூரத்துத் தண்ணீரில் அந்த மாற்றம் குறைந்துகொண்டே போகும். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) வெளிச்சத்தைக் குடித்துவிடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எல்லா இடத்திலும் முழுக்கத் திருப்பிவிடாதீர்கள். ஈரக்கல்லின் மேல் கொஞ்சம் மினுக்கம் மிஞ்சினால்தான் அது ஈரமாக இருக்கிறது என்பதே தெரியும். முழுதும் துடைத்தெடுத்தால் கல் காய்ந்த நிறத்துக்குப் போய், தண்ணீர் இருக்கிற இடமே தெரியாமல் ஆகிவிடும். முழுக்கத் திருப்பி, பிறகு பாதி பின்னால் வந்து நிறுத்துவது என் வழக்கம்.

இலையைப் போட்டு நேரத்தை அளப்பது

ஓடும் தண்ணீருக்கு எந்த ஷட்டர் வேகம் என்று கேட்டால் ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. தண்ணீரின் வேகம், நமக்கும் அதற்கும் உள்ள தூரம், லென்ஸ் மூன்றும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. நான் செய்வது இதுதான். ஃபிரேமை அமைத்துவிட்டு, நீரோட்டத்தில் ஒரு இலையைப் போடுவேன். அது ஃபிரேமின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போக எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுவேன். நான்கு நொடி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கால் நொடியில் தண்ணீர் ஃபிரேமில் பதினாறில் ஒரு பங்கு நகர்ந்திருக்கும்.

என் அனுபவத்தில் ஃபிரேமில் இருபதில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரை தண்ணீர் நகர்ந்தால் ஓட்டமும் தெரியும், இழைகளும் பிரிந்து தெரியும். மேலே சொன்ன ஓடையில் அது 1/5 நொடியிலிருந்து 2/5 நொடி வரை. பாதி ஃபிரேமுக்கு மேல் நகரவிட்டால் இழைகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து வெண்பட்டாகிவிடும். இங்கே இரண்டு நொடிக்கு மேல். துளி துளியாக நிறுத்த வேண்டுமென்றால் ஃபிரேமில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக நகர வேண்டும், அதாவது 1/500 நொடி. இதே ஓடையில் இன்னும் நெருங்கிப் போய்ப் பாதி அகலத்தை மட்டும் எடுத்தால் இலை இரண்டே நொடியில் கடந்துவிடும். எல்லா எண்களும் பாதியாகும். விழும் நீருக்கு இலை உதவாது. அருவியில் கண்ணால் ஒரு நுரைத் திவலையைப் பிடித்து, அது விழும்வரை எண்ணுங்கள்.

இதில் எனக்கென்று ஒரு கட்சி உண்டு. எல்லா அருவியையும் பட்டாக்கிவிடும் பழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. பத்து நொடி திறந்துவைத்த அருவிகள் எல்லாம் ஒரே அருவியாகிவிடுகின்றன. எந்தப் பாறையில் மோதியது, எங்கே இரண்டாகப் பிரிந்தது, எந்த இடத்தில் தடித்து விழுந்தது என்ற அதன் முகம் அழிந்துபோகிறது. கால் நொடி, அரை நொடி அளவில் அந்த முகம் மிஞ்சும். நீண்ட எக்ஸ்போஷருக்கு, அதாவது ஷட்டரை நெடுநேரம் திறந்து ஒளி வாங்குவதற்கு, வேறு நல்ல இடங்கள் இருக்கின்றன. சற்று முன் சொன்ன சுழி அவற்றில் ஒன்று. நுரைப் புள்ளிகள் மிதக்கும் சுழியை எட்டு முதல் பதினைந்து நொடி வரை திறந்துவைத்து எடுத்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு வளையத்தை வரைந்துவிடும். வெறும் கண்ணால் அந்த வளையங்களைப் பார்க்க முடியாது. நேரம் திரளும்போது மட்டும் தெரியவருகிற உருவம் அது. நீண்ட எக்ஸ்போஷரின் நியாயமான வேலை என்று நான் நினைப்பது இதைத்தான்.

பகல் வெளிச்சத்தில் இவ்வளவு நேரம் திறந்துவைக்க என்.டி. ஃபில்டர் வேண்டும்; நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் கருங்கண்ணாடி அது. 3 ஸ்டாப் ஃபில்டர் நேரத்தை 8 மடங்காக்கும், 6 ஸ்டாப் 64 மடங்கு, 10 ஸ்டாப் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. ஃபில்டர் இல்லாமல் 1/15 நொடி என்று கேமராவின் ஒளிமீட்டர் காட்டினால் 6 ஸ்டாப் போட்டபின் நான்கு நொடி, 10 ஸ்டாப் போட்டபின் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். ஃபோக்கஸையும் ஃபிரேமையும் முதலில் அமைத்துவிட்டு, ஃபோக்கஸைக் கைமுறைக்கு மாற்றி, அதன்பின் ஃபில்டரை மாட்டுங்கள். கரும் ஃபில்டரின் வழியே கேமராவால் ஃபோக்கஸ் பிடிக்க முடியாமல் தடுமாறும். நேரத்தைக் கூட்டுவதற்காக லென்ஸின் திறப்பான அபெர்ச்சரை எஃப் 22 வரை மூடாதீர்கள். சிறிய திறப்பின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் மழுங்கிவிடும். எஃப் 8, எஃப் 11-லேயே நில்லுங்கள்.

ஃபில்டர் இல்லையா? கேமராவை அசையாமல் வைத்து, 1/15 நொடியில் முப்பது நாற்பது படங்களைத் தொடர்ந்து எடுத்து, மென்பொருளில் அவற்றின் சராசரியை எடுங்கள். இரண்டு மூன்று நொடி திறந்துவைத்ததற்கு மிக நெருக்கமான படம் கிடைக்கும். கைப்பேசிகளில் வரும் லாங் எக்ஸ்போஷர் வசதியும் பெரும்பாலும் இதே வழியில்தான் வேலை செய்கிறது.

அலை

கடலோரத்தில் அலை வரும்போது எல்லோரும் அழுத்துகிறார்கள். நான் அலை திரும்பும்போது அழுத்தச் சொல்வேன். வரும் அலை வெறும் வெள்ளைச் சுவராகப் பதிவாகும். திரும்பும் அலை நுரையை இழுத்துக்கொண்டு போகிறது. ஒவ்வொரு கூழாங்கல்லையும் ஒவ்வொரு பாறையையும் சுற்றிக்கொண்டு போகும்போது நுரை கோடுகளாக நீள்கிறது. அரை நொடியிலிருந்து ஒரு நொடி வரை போதும். அலை தன் எல்லையைத் தொட்டு ஒரு கணம் நிற்கும் பாருங்கள், அங்கே தயாராகுங்கள். பின்வாங்கத் தொடங்கியதும் அழுத்துங்கள். ஒரே வேகத்தில் பத்துப் பதினைந்து அலைகளை எடுங்கள். நுரை போடும் கோடுகள் ஒருமுறை வந்தபடி மறுமுறை வராது.

நுரையின் வெண்மையைப் பாதுகாப்பதுதான் இதில் சிரமம். கரும்பாறை நிறைந்த காட்சியில் கேமராவின் மீட்டர் பாறையைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். நுரை வெளிறி, மீட்க முடியாமல் போகும். திரையில் இருட்டு இடமும் வெளிச்சம் வலமுமாகத் தெரியும் ஹிஸ்டோகிராம் என்ற வரைபடத்தின் வலது முனையைப் பார்த்து, அது சுவரில் முட்டாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறையுங்கள். கேமரா பதிந்ததைச் சுருக்காமல் சேமிக்கும் ரா வடிவத்தில் எடுத்தால் பாறையின் இருட்டைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். போன வெள்ளை போனதுதான்.

வானத்துக்கும் கடலுக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு இந்தக் கலையின் மிகப் பழைய தலைவலி. 1850-களில் பிரான்சின் குஸ்தாவ் லெ க்ரே கடலை எடுத்தபோது, அன்றைய கண்ணாடி நெகட்டிவ்கள் நீல ஒளிக்கு மட்டும் மிகையாக வினையாற்றின. கடலுக்கு ஏற்ற எக்ஸ்போஷரில் வானம் வெற்று வெள்ளையாகிவிடும். அவர் சில படங்களில் வானத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என்று இரண்டு நெகட்டிவ்களை எடுத்து, அடிவானத்தில் பொருத்தி அச்சிட்டார். இன்று இரண்டு எக்ஸ்போஷர்களைக் கலப்பவர்கள் செய்வதும் அதே வேலைதான். அதனால் கலப்பது ஏமாற்று என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. அடிவானம் சாயாமல் இருக்கிறதா என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சாய்ந்த மரத்தைக் கண் மன்னிக்கும். சாய்ந்த கடலை மன்னிக்காது.

அசையாத நீர்

பிம்பம் எடுக்கும்போது பலருக்குத் தெரியாத ஒன்று: பிம்பத்துக்கான ஃபோக்கஸ் நீர்ப்பரப்பில் இல்லை. தண்ணீரில் தெரியும் மரம் நம்மிடமிருந்து எவ்வளவு தூரமோ, ஃபோக்கஸும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரத்தில்தான் இருக்கிறது. காலடிக் குட்டையில் தெரியும் மலைக்குக் கேமரா மலையின் தூரத்தில் ஃபோக்கஸ் செய்ய வேண்டும். நீரில் மிதக்கும் இலையும் மலையின் பிம்பமும் இரண்டும் கூர்மையாக வேண்டுமென்றால் அபெர்ச்சரை மூடியோ, இரண்டு படம் எடுத்து இணைத்தோதான் ஆக வேண்டும். ஒன்றைத் தேர்ந்தெடுப்பது மேல். இலை கூர்மை, மலை கரைந்த நிறம்; அல்லது மலை கூர்மை, இலை ஒரு மங்கிய புள்ளி. இரண்டுமே வெவ்வேறு நல்ல படங்கள்.

இன்னொன்று. பிம்பம் என்பது மேலே இருப்பதன் தலைகீழ் நகல் அல்ல. கேமரா நீருக்கு எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு கீழே ஒரு கேமரா இருந்து அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியுமோ அதுதான் பிம்பத்தில் தெரிகிறது. அதனால் கரையோர மரங்களுக்குப் பின்னால் இருக்கும் மலை நேரில் உயரமாகவும் பிம்பத்தில் மரங்களுக்குப் பின் பதுங்கியும் தெரியும். கேமராவைத் தாழ்த்திக்கொண்டே போங்கள். பிம்பத்தில் மலை தலைதூக்கும். உயர்த்தினால் மறையும். கரையில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்து பார்த்தாலே இது புரிந்துவிடும்.

பிம்பம் நேர்க்காட்சியைவிட எப்போதும் கொஞ்சம் இருண்டிருக்கும், ஏனென்றால் ஒளியில் ஒரு பங்கைத் தண்ணீர் உள்ளே வாங்கிக்கொள்கிறது. படத்தைத் திருத்தும்போது வானத்தை இறக்கி, தண்ணீரை ஏற்றி, பிம்பம் வானத்தைவிட வெளிச்சமாகிவிட்ட படங்களை அடிக்கடி பார்க்கிறேன். பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் படம் பொய் என்று தோன்றிவிடும்.

காற்று எழுந்துவிட்டால் வீட்டுக்குக் கிளம்ப வேண்டாம். மெல்லிய சிற்றலை பிம்பங்களை மேலும் கீழுமாக இழுத்து நீட்டும். நின்ற கம்பம் நீளக் கோடாகும், விளக்கு தூணாகும், சாயும் சூரியன் பாதையாகும். பாறைக்குப் பின்னால், நாணல் மறைவில், எப்போதும் ஒரு கையகலம் அடங்கிய நீர் இருக்கும். அடங்கிய நீரும் அசையும் நீரும் சந்திக்கும் கோட்டையே ஒரு படமாக எடுக்கலாம்.

எனக்கு மிகப் பிடித்த தண்ணீர் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மாட்டேன். ஓடை நிழலில் இருக்க வேண்டும். எதிர்க்கரைப் பாறையிலோ மரத்திலோ வெயில் நேராக விழ வேண்டும். காலையும் மாலையும் இது கிடைக்கும். நிழலில் கிடக்கும் தண்ணீருக்குச் சொந்த வெளிச்சம் இல்லாததால், எதிர்க்கரையின் வெயில் நிறம் அதில் உருக்கிய பொன்னாக இறங்கும். அதே சிற்றலையின் மறுபக்கம் வானத்தைப் பார்த்திருப்பதால் அங்கே நீலம். ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு பக்கம் பொன், ஒரு பக்கம் நீலம், இரண்டும் நெளிந்துகொண்டே இருக்கும். பயிற்சி அல்லாத நாளில் நீண்ட லென்ஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அருகே போங்கள். கரையோ கல்லோ வானமோ ஃபிரேமுக்குள் வரக் கூடாது. 1/250 நொடியில் எடுத்தால் கூர்மையான துண்டுகள், 1/8 நொடியில் எடுத்தால் தூரிகைக் கோடுகள். நிறச்சாயலைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலை அமைப்பைத் தானியங்கியில் விட்டால் கேமரா பொன்னையோ நீலத்தையோ 'சரிசெய்து' கெடுத்துவிடும். பகல் வெளிச்சம் என்ற அமைப்பில் நிறுத்திவையுங்கள்.

மழை, பனி, வானவில்

மழை விழுவது தெரிய வேண்டுமானால் பின்னணி இருட்டாகவும் வெளிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்தும் வர வேண்டும். 2 மில்லிமீட்டர் துளி நொடிக்கு ஆறரை மீட்டர் வேகத்தில் விழுகிறது. 1/125 நொடியில் அது ஐந்து சென்டிமீட்டர் கோடு. 1/1000 நொடியில் ஆறரை மில்லிமீட்டர் நீளச் சிறு கீற்று. கோடாக இருக்கும்போதுதான் மழை மழையாகத் தெரிகிறது.

மூடுபனியில் மீட்டர் எல்லாவற்றையும் சாம்பலாக்கும். ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். புல்நுனிப் பனித்துளிக்குள் பின்னாலிருக்கும் உலகம் தலைகீழாகத் தெரியும். ஃபோக்கஸைத் துளியின் விளிம்பில் வைக்காமல் உள்ளே தெரியும் அந்தப் பிம்பத்தில் வையுங்கள். சாரலில் வானவில் தேடுகிறவர்கள் சூரியனை முதுகுக்குப் பின் வைத்து, தங்கள் தலையின் நிழல் விழும் திசையிலிருந்து 42 டிகிரி விலகிப் பார்க்க வேண்டும். போலரைசர் மாட்டியிருந்தால் கவனம். தவறான பக்கம் திருப்பினால் வானவில் காணாமல் போய்விடும்.

எட்டுப் படங்களில் ஒன்றையாவது தண்ணீரே இல்லாமல் எடுங்கள். அது போன தடம் போதும். மணலில் விட்டுச் சென்ற வரிகள், பாறையில் ஈரம் ஏறி நின்ற கோடு, வெள்ளம் கிளையில் செருகிவிட்டுப் போன வைக்கோல், வெடித்த சேறு. பயிற்சிக்கு வருகிறவர்கள் கடைசியில் வேண்டாவெறுப்பாக எடுக்கும் படம் இதுதான். அவர்கள் கொண்டுவரும் எட்டில் நான் முதலில் கையில் எடுப்பதும் பெரும்பாலும் இதுதான். எட்டையும் தரையில் பரப்பி, பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு படம் ஒரே உயரத்திலிருந்து, ஒரே வேகத்தில் எடுத்திருந்தால் ஒன்றைத் தள்ளிவிட்டு அதே பத்தடிக்குத் திரும்பப் போங்கள்.

பாதுகாப்பும் கருவியும்

கடற்பாறையில் இறங்கும் முன் சிறிது நேரம் நின்று பாருங்கள். அலைகள் ஒரே உயரத்தில் வருவதில்லை. பல சிறிய அலைகளுக்குப் பின் சில பெரியவை சேர்ந்து வரும். பாறையில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறதோ அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்காதீர்கள். கடலுக்கு முதுகைக் காட்டித் திரையைப் பார்க்காதீர்கள். ஓடையில் தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்துவந்தாலோ, ஓசை தடித்தாலோ மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது. கருவியைப் பற்றி யோசிக்காமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

சாரல் அடிக்கும் இடத்தில் லென்ஸைக் கீழ்நோக்கியே வைத்திருந்து, எடுக்கும்போது மட்டும் நிமிர்த்துங்கள். துடைக்கும் துணி ஒன்று போதாது. நனைந்த துணி துளியைப் பரப்பத்தான் செய்யும். குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கத்துக்குப் போகும்போது கேமராவைப் பைக்குள்ளேயே வைத்து வெளிச்சூட்டுக்குப் பழகவிடுங்கள், இல்லையென்றால் லென்ஸில் ஆவி படியும்.

ட்ரைபாடை (முக்காலியை) நீரிலோ மணலிலோ ஊன்றும்போது மேல்பகுதிகளை மூடியே வைத்து, கீழே இருக்கும் மெல்லிய பகுதியை முதலில் நீட்டுங்கள். பூட்டுகள் நீருக்கும் மணலுக்கும் மேலே இருக்கும். கால்களை அழுத்தி ஊன்றி, ஓர் அலை வந்து போய் அவை படிந்த பிறகு எடுக்கத் தொடங்குங்கள். வீடு திரும்பியதும் கால்களை முழுக்க நீட்டி நல்ல தண்ணீரில் அலசி, நீட்டிய நிலையிலேயே நிழலில் காயவையுங்கள். பூட்டுக்குள் மணல் நறநறத்தால் கழற்றித் துடைத்த பிறகுதான் மடக்க வேண்டும்.